உட்கார்ந்தபடியே ஓர் அறுவை சிகிச்சை நிபுணர்

வேலூர் பாகாயத்தில் உள்ள மேரி வர்கீஸ் மறுவாழ்வு நிலையத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பெயருக்கு உரியவரின் கதை நம் எல்லோருக்கும் உதவும்.

1925-இல் கேரளத்தில் பிறந்த மேரி, வேலூர் சி.எம்.சி.யில் படித்து டாக்டர் ஆனார். 1954-இல் நடந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, கால்கள் செயலிழந்தன. இனி டாக்டர் வேலையே முடியாது என்ற நிலை.

உடன் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் வேறு விதமாக யோசித்தார். தொழுநோயால் மடங்கிய விரல்களைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சையை டாக்டர்கள் உட்கார்ந்தேதான் செய்வார்கள். அதற்குத் தேவை கைகளும் பயிற்சியும்தான். மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அதைச் செய்யத் தொடங்கினார்.

பிறகு பெர்த்திலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவரது முயற்சியில் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. தம்மைப் போல் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் அங்கே தங்கிப் பயிற்சி பெற்றார்கள். 1972-இல் பத்மஸ்ரீ பெற்றார், 1986-இல் மறைந்தார்.

நீங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கலாம். பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லித் தருபவராக இருக்கலாம். ஒருவரால் முடியாது என்று முடிவு கட்டும் முன், அந்த வேலைக்கு உண்மையில் எது தேவை என்று பிரித்துப் பாருங்கள். புதிய யோசனை அங்கேதான் பிறக்கிறது.

அப்படியே உங்கள் பிளாக் வாசலையும் ஒருமுறை பாருங்கள். சக்கர நாற்காலி லிஃப்ட் வரை போகுமா?