குயவர் மகனும் குலமக்களும்: நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி

கல்கத்தாவில் 1869ஆம் ஆண்டு பிறந்த நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரியை இந்தியக் கால்பந்தின் தந்தை என்பர். அவர் பெயர் தமிழ்ச் செவிக்குச் சற்றே அச்சமூட்டலாம். வங்காளத்தில் அஃது ஒரு குடும்பப் பெயரேயாகும். அப்பெயர் நமக்குத் தரும் பொருளுக்கு முற்றிலும் மாறாக அவர் நடந்துகொண்ட வரலாற்றையே ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

1877இல் தாயாருடன் கங்கை நீராடச் சென்ற வழியில் வெள்ளையர் பந்தாடக் கண்டு நின்ற அச்சிறுவன், தன்பால் உருண்டு வந்த பந்தை உதைத்துத் திருப்பினான் என்பது வழிவழிச் செய்தி. ஹேர் பள்ளியில் பயின்றபோது தோழரிடம் காசு திரட்டிப் பந்து ஒன்று வாங்கினார். வாங்கியதோ ரக்பிப் பந்து! அதையே பிள்ளைகள் உதைத்து மகிழ்ந்திருக்க, அடுத்திருந்த பிரசிடென்சி கல்லூரியின் பேராசிரியர் ஸ்டாக் கண்ணுற்றார். கால்பந்து வேறென விளக்கி, ஆட்டமுறையையும் கற்பித்தார். தம் வகுப்பைச் சேராத பிள்ளைகட்கு ஒரு கல்லூரி ஆசிரியர் செய்த இவ்வுதவி சிறிதன்று. நகரக் கழகங்கள் பலவற்றிற்கு அதுவே வித்தாயிற்று எனலாம்.

பாய்ஸ் கிளப், ஃபிரண்ட்ஸ் கிளப் எனத் தொடங்கிய நாகேந்திரர், பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்த பின்னர் அங்கும் ஆட்டத்தை வளர்த்தார். கல்வியால் பெற்றதைக் கல்லூரி மதிலுக்குள் பூட்டி வைக்கவில்லை. வெலிங்டன் கிளப்பில் கல்வியும் செல்வமும் வாய்ந்த இளைஞர் பலர் கூடினர். அங்கேதான் சோதனை வந்தது.

மணி தாஸ் என்னும் குயவர் மகனை உறுப்பினராக்க நாகேந்திரர் முன்வந்தார். உயர்குலத்தார் ஒப்பவில்லை. அவரை மட்டும் விலக்கிவிட்டால் கழகம் குறைவின்றி நடந்திருக்கும், நண்பரும் பகைவராகார். நாகேந்திரரோ தாம் வளர்த்த கழகத்தையே கலைத்துவிட்டார்! ஆட்டத்தில் வென்ற கோப்பைகளினும் இச்செயலையே நாம் பெரிதாக மதிக்கின்றோம். கழகம் தொடங்குவோர் பலர். கொள்கைக்காகக் கலைப்போர் எத்துணைப் பேர்?

1887இல் சோவாபஜார் கிளப் பிறந்தது. வடகல்கத்தாவின் சோவாபஜார் அரச குடும்பம் அதற்குத் துணைநின்றது. அக்குடும்பத்திலேயே நாகேந்திரர் பெண் கொண்டவர். அரண்மனை ஆதரவில் அமைந்த அக்கழகத்தில் மணி தாஸ் உறுப்பினரானார். 1892இல் டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் அக்கழகம் கிழக்கு சர்ரே படையணியை வென்றது. வெள்ளையர் அணி ஒன்றை இந்தியர் அணி வென்ற முதல் வெற்றியாக இது போற்றப்படுகின்றது. மறு ஆண்டு இந்தியக் கால்பந்துச் சங்கம் அமைந்தபோதும் நாகேந்திரரின் பங்கு இருந்தது.

இதற்கிடையே 1889இல் மோகன் பகானும் 1891இல் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் தோன்றியிருந்தன. 1911இல் மோகன் பகான் கேடயம் வென்றது. 1934 தொடங்கி ஐந்தாண்டுகள் இடையறாது கல்கத்தா லீக் பட்டத்தை முகமதன் ஸ்போர்ட்டிங் கைக்கொண்டது. அதற்கு முன் எந்த இந்தியக் கழகமும் அப்பட்டத்தைப் பெற்றதில்லை. அப்போது நாகேந்திரர் முதுமையில் கல்கத்தாவில் வாழ்ந்திருந்தார். 1940இல் அவர் மறைந்தார்.