கைகழுவச் சொன்ன மருத்துவர்

நோய் வந்தபின் மருந்து கொடுத்துத் தீர்ப்பவரை உலகம் போற்றுகின்றது. நோய் வாராமலே தடுப்பவரை உலகம் எளிதில் அறிந்துகொள்வதில்லை. காப்பாற்றப்பட்டவருக்கே தாம் காப்பாற்றப்பட்ட செய்தி தெரியாது அன்றோ? அங்ஙனம் பல்லாயிரம் தாய்மாரைக் காக்க வழி கண்டு, தம் காலத்து மருத்துவர்களாலேயே புறக்கணிக்கப்பட்டு மறைந்தவர் இக்னாஸ் செம்மல்வைஸ் என்பவர்.

ஹங்கேரி நாட்டில் டான்யூப் ஆற்றின் கரையில் அமைந்த பூடா நகரில் 1818-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளன்று இவர் பிறந்தார். தந்தையார் மளிகை வாணிகத்தில் செழித்தவர். மகன் சட்டம் பயில வேண்டும் என்பது அவர் விருப்பம். அவ்வாறே 1837-இல் வியன்னாப் பல்கலைக்கழகத்திற்குச் சென்ற இளைஞர், மறு ஆண்டே சட்டத்தை விடுத்து மருத்துவத்தை மேற்கொண்டார். 1844-இல் பட்டம் பெற்றபின் மகப்பேற்று மருத்துவத்தில் புகுந்தார். வேறு துறையில் இடம் கிடைக்காமையே இதற்குக் காரணம் என்பர்.

வியன்னாப் பொது மருத்துவமனை அந்நாளில் ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்று விளங்கியது. அதன் மகப்பேற்று விடுதியில் ஏழைப் பெண்கள் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். விடுதி இரு பிரிவுகளாக இருந்தது. 1840-இல் பிறந்த ஆணையின்படி முதற்பிரிவில் மருத்துவ மாணவர்களும், இரண்டாம் பிரிவில் மருத்துவச்சித் தொழில் பயிலும் பெண்களும் பயிற்சி பெற்றனர். ஒருநாள் வருவோர் முதற்பிரிவிலும், மறுநாள் வருவோர் இரண்டாம் பிரிவிலும் சேர்க்கப்பட்டனர். ஒரே கூரையின் கீழ் அமைந்த இவ்விரு பிரிவுகளுக்கும் இடையே அச்சந்தரும் வேற்றுமை ஒன்று இருந்தது. 1846-ஆம் ஆண்டில் முதற்பிரிவில் 4,010 பெண்கள் மகப்பேறு அடைந்தனர்; அவர்களுள் 459 பேர் மாண்டனர். அதே ஆண்டில் இரண்டாம் பிரிவில் 3,754 பேரில் இறந்தோர் 105 பேரே.

இவர்களைக் கொன்ற நோய் மகப்பேற்றுக் காய்ச்சல். பிள்ளை பிறந்த சில நாள்களில் நடுக்கத்தோடு காய்ச்சல் கடுமையாகும், வயிறு வீங்கி நோகும், அறிவு மயங்கும், பின்னர் மரணம். இளந்தாய் மட்டுமன்றிச் சில வேளைகளில் பச்சிளங்குழவியும் உடன் மாயும்.

நகரத்துப் பெண்கள் இவ்வேற்றுமையை மருத்துவர்களுக்கு முன்பே அறிந்திருந்தனர். முதற்பிரிவின் முறையன்று வந்து சேர்ந்தவர்கள், தங்களை அங்கே அனுப்பாதிருக்குமாறு மண்டியிட்டுக் கைகூப்பி மன்றாடினார்கள். மருத்துவமனைக்கு வரும் வழியிலேயே தெருவில் பிள்ளை பெற்றவர்களும் உளர். எவர் துணையுமின்றித் தெருவில் பெற்றவர்களுக்கு இந்நோய் அரிதாகவே வந்தது. தேர்ந்த மருத்துவர்களின் கையில் பெற்றவர்களுக்கோ அடிக்கடி வந்தது! 1846-இல் முதற்பிரிவின் துணை மருத்துவராக அமர்ந்த செம்மல்வைஸின் உறக்கத்தைக் கெடுத்தது இப்புதிரே.

அக்காலத்து மருத்துவர்கள் காற்றிலும் நிலத்திலும் பரவும் நச்சாவியே இக்காய்ச்சலுக்குக் காரணம் என்றனர். இரு பிரிவுகளுக்கும் காற்று ஒன்றுதானே என்று செம்மல்வைஸ் எண்ணினார். மக்கள் நெருக்கமே காரணம் என்றனர் சிலர். அஞ்சிய பெண்கள் யாவரும் நாடிச் சென்றமையால் இரண்டாம் பிரிவிலேயே நெருக்கம் மிகுதி. சாகும் தறுவாயில் உள்ளோர்க்கு இறுதிச் சடங்கு செய்ய வரும் பாதிரியாரின் மணியோசை முதற்பிரிவுப் பெண்களை அச்சுறுத்துகிறது என்றும் கூறப்பட்டது. மணியை அடிக்காமல் வேறு வழியாக வருமாறு பாதிரியாரை வேண்டிக்கொண்டார், சாவு குறையவில்லை. இரண்டாம் பிரிவில் பெண்களை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பேறு பார்ப்பதை அறிந்து, தம் பிரிவிலும் அவ்வாறே செய்வித்தார்; அப்போதும் குறையவில்லை. கூறப்பட்ட காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்து விலக்கிய இம்முறை நாம் கருத்தூன்றிக் காணத் தக்கது.

விடை துயர வடிவில் வந்தது. 1847-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் செம்மல்வைஸ் வெனிசு நகரில் சில நாள் ஓய்வு கொண்டு திரும்பினார். திரும்பியதும் அவருடைய நண்பரும் பேராசிரியருமான கொலெட்ஷ்கா இறந்துவிட்டார் என்ற செய்தி காத்திருந்தது. பிணப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி தற்செயலாக அவர் விரலில் பட்டுவிட்டது. அச்சிறு காயத்தினின்று நச்சு உடலெங்கும் பரவி அவர் உயிரை வாங்கியது. நண்பரின் உடலைப் பரிசோதித்த அறிக்கையைச் செம்மல்வைஸ் படித்தார். அதில் கண்ட மாறுதல்கள் யாவும் மகப்பேற்றுக் காய்ச்சலால் இறந்த பெண்களின் உடலில் அவர் நாள்தோறும் கண்டவையே. ஆடவர் ஒருவருக்கு மகப்பேற்றுக் காய்ச்சல் எவ்வாறு வரும்? பிணத்திலிருந்து ஏதோ ஒரு பொருள் கத்தியின் வழியாக அவர் குருதியில் கலந்தது. அப்பெண்களுக்கு அதே பொருளைக் கொண்டுசேர்த்த கத்தி எது?

மருத்துவர்களின் கைகளே என்பதை அவர் உணர்ந்தார். முதற்பிரிவின் மருத்துவரும் மாணவரும் காலையில் பிணஅறையில் உடல்களை அறுத்து ஆராய்ந்துவிட்டு, நேரே மகப்பேற்று விடுதிக்கு வந்து பெண்களைச் சோதித்தனர். மருத்துவச்சித் தொழில் பயிலும் பெண்கள் பிணஅறைக்குச் செல்வதே இல்லை. தெருவில் பெற்றவளை எவரும் தொட்டுச் சோதிக்கவில்லை. பழைய ஏடுகளைப் புரட்டியபோது மேலும் ஓர் உண்மை புலப்பட்டது. 1784-இல் விடுதி தொடங்கியது முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சாவு மிகக் குறைவாகவே இருந்தது; பிணப் பரிசோதனை முறையாக நடைபெறத் தொடங்கிய பின்னரே அது பெருகியது. மருத்துவக் கல்வி வளர வளர இளந்தாயரின் சாவும் வளர்ந்தது என்பது எத்தகைய கொடுமை!

அவர்கள் கைகழுவாமல் இருந்தவர்கள் அல்லர். சோப்பினால் கழுவினார்கள்; ஆயினும் பிணநாற்றம் விரல்களை விட்டு அகலவில்லை. நாற்றம் இருக்குமளவும் அப்பொருளும் இருக்கும் என்று செம்மல்வைஸ் கருதினார். நுண்ணுயிர்களே இத்தகைய நோய்களைத் தோற்றுவிப்பவை என்பதை அன்று எவரும் மெய்ப்பித்திருக்கவில்லை. அவருக்கு வழிகாட்டியது மூக்கு ஒன்றே எனலாம். நாற்றத்தைப் போக்க வல்லது குளோரின் என்று தேர்ந்து, 1847-ஆம் ஆண்டு மே மாத நடுவில் ஒரு விதி செய்தார். விடுதிக்குள் நுழையும் ஒவ்வொருவரும் வாயிலில் வைத்துள்ள குளோரின் நீரில் கைகளைத் தேய்த்துக் கழுவியே வர வேண்டும். குளோரின் நீருக்குச் செலவு மிகுந்தமையால் பின்னர் மலிவான சலவைத்தூளைக் கரைத்து வைத்தார்.

அவ்வாண்டு ஏப்ரலில் முதற்பிரிவில் 312 பேரில் 57 பேர் இறந்திருந்தனர். ஜூனில் 268 பேரில் 6 பேரும், ஜூலையில் 250 பேரில் 3 பேரும் இறந்தனர். மறு ஆண்டாகிய 1848-இல், 3,556 பேரில் இறந்தோர் 45 பேர் மட்டுமே. அவ்வாண்டின் மார்ச்சிலும் ஆகஸ்டிலும் ஒருவர்கூட இறக்கவில்லை. ஒரு தொட்டி நீரும் ஒரு பிடி தூளும் செய்த வேலை இது.

இடையே ஒரு பெருந்துன்பம் நேர்ந்தது. 1847 அக்டோபரில், கருப்பையில் புற்றுநோய்ப் புண் கொண்ட பெண்ணொருத்தி வரிசையின் முதற்படுக்கையில் சேர்க்கப்பட்டாள். அவளைச் சோதித்த மருத்துவர்கள் சோப்பினால் மட்டும் கைகழுவிவிட்டு அடுத்தடுத்த பெண்களைச் சோதித்தனர். அன்று அவளுடன் பேறு பெற்ற பன்னிரு பெண்களில் பதினொருவர் மாண்டனர். நச்சுப்பொருள் பிணத்திலிருந்து மட்டுமன்றி உயிருள்ளோரின் புண்ணிலிருந்தும் வரலாம் என்பதை இதனால் அறிந்தார். அன்று முதல் ஒவ்வொரு நோயாளியைத் தொட்ட பின்னும் குளோரின் நீரில் கைகழுவ வேண்டும் என்று விதியை விரிவாக்கினார்.

தாமே நாள்தோறும் பிணங்களை அறுத்து ஆராய்ந்தவர் ஆதலின், தம் கையால் எத்தனை பெண்கள் மாண்டனரோ என்ற எண்ணம் அவரை வாட்டியது. அதனை அவர் மறைக்காமல் தம் நூலில் எழுதினார். ஜெர்மனியில் கீல் நகரத்து மருத்துவரான மிக்கேலிஸ், செம்மல்வைஸின் முறையை ஏற்று நடத்தியவர். தாம் பேறு பார்த்த உறவினப் பெண்ணொருத்தி இக்காய்ச்சலால் இறந்ததற்குத் தாமே காரணம் என்று மனமுடைந்து 1848-இல் உயிர் துறந்தார். இவ்வளவு கசப்பான உண்மையை ஏற்க எத்தனை பேர் துணிவர்? பெரும்பாலோர் மறுத்தே பேசினர். மருத்துவரின் கை நோயைப் பரப்புகிறது என்பதைத் தம் தொழிலுக்கு இழைத்த இழிவாக அவர்கள் கருதினர். விடுதித் தலைவர் கிளைன், புதிய முறையின் பயனை ஒப்புக்கொள்ளவில்லை. ஹெப்ரா, ஸ்கோடா, ரொக்கிட்டான்ஸ்கி ஆகிய அறிஞர் மூவர் துணைநின்றும், 1849-இல் செம்மல்வைஸின் பதவி நீட்டிக்கப்படவில்லை.

ஆயினும் பழி முழுவதையும் பகைவர்மேல் சுமத்துதல் நேர்மையாகாது. அவர் எழுதத் தயங்கினார். முதற்செய்தியை 1847-இன் இறுதியில் வெளியிட்டவர் ஹெப்ராவே. தாம் கண்டதை விளக்கி விரிவான நூல் ஒன்றைச் செம்மல்வைஸ் வெளியிட்டது 1861-இல். அதற்குள் பதினான்கு ஆண்டுகள் கழிந்துவிட்டன. பிறர் கருத்தை மாற்ற வேண்டுமாயின் உண்மையைக் கண்டறிந்தால் மட்டும் போதாது. அதனை அவர்களிடம் பொறுமையோடு கொண்டுசேர்க்கவும் வேண்டும். அப்பொறுமை அவரிடம் இல்லை. 1850-இல் அவருக்குக் கிடைத்த புதிய பதவியில் பொம்மையைக் கொண்டு மட்டுமே பாடம் நடத்தலாம் என்று கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. அதனைக் கண்டு வெகுண்டு, துணைநின்ற நண்பர்களிடமும் விடைபெறாமல் வியன்னாவை விட்டு அகன்றார்.

தாய்நாடு திரும்பிப் பெஸ்ட் நகரத்துப் புனித ரோக்குஸ் மருத்துவமனையில் மகப்பேற்றுப் பிரிவின் பொறுப்பை 1851-இல் ஏற்றார். அங்கே ஆறாண்டுகளில் 933 பேறுகளில் இக்காய்ச்சலால் இறந்தோர் எண்மரே. 1855-இல் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1857-இல் திருமணம் புரிந்துகொண்டார். கைகளோடு கருவிகளும் படுக்கை விரிப்புகளும் தூயவையாக இருத்தல் வேண்டும் என்று வற்புறுத்தி வந்தார்.

அவருடைய நூலை ஐரோப்பியப் பேராசிரியர் பலர் எள்ளி ஒதுக்கினர். 1861, 1862-ஆம் ஆண்டுகளில் அவர்களுக்குப் பகிரங்கக் கடிதங்கள் எழுதினார். அவற்றில் அவர்களைக் கொலைகாரர் என்றே குற்றஞ்சாட்டினார். அச்சொல் எவரையும் திருத்தவில்லை. நாளடைவில் அவர் மனநலம் குன்றியது. 1865 ஜூலை இறுதியில், பழைய நண்பர் ஹெப்ராவே அவரை நயமாக அழைத்துச் சென்று வியன்னா மனநோய் விடுதியில் சேர்த்தார். இரு வாரங்களில், ஆகஸ்டு 13-ஆம் நாள், தமது நாற்பத்தேழாம் வயதில் அவர் உயிர் நீத்தார். விடுதிப் பணியாளர்கள் அவரை அடித்திருக்கக்கூடும் என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். கையில் இருந்த புண்ணிலிருந்து குருதியில் நச்சேறியதே சாவுக்குக் காரணம். கொலெட்ஷ்காவைக் கொன்ற அதே நோய்.

அதற்கு முதல்நாள், ஆகஸ்டு 12-இல், ஸ்காத்துலாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர் என்னும் மருத்துவர் கால் முறிந்த சிறுவன் ஒருவனின் புண்ணுக்குக் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியால் கட்டுப்போட்டார். நச்சுநீக்க அறுவை மருத்துவத்தின் தொடக்கமாக அது கொண்டாடப்படுகின்றது. 1879-இல் பாரிசு நகரில் லூயி பாஸ்டர், மகப்பேற்றுக் காய்ச்சலை விளைவிக்கும் நுண்ணுயிரை மருத்துவர் அவையில் கரும்பலகையில் வரைந்தே காட்டினார்.

பெஸ்டில் செம்மல்வைஸின் இடத்திற்கு வந்தவர் காலத்தில் தாய்மாரின் சாவு மீண்டும் பன்மடங்கு பெருகியது. அதைக் கேட்டு அன்று எவரும் கலங்கவில்லை. 1969-இல் புடாபெஸ்டின் மருத்துவப் பல்கலைக்கழகத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அவர் பிறந்த வீடு இப்பொழுது மருத்துவ வரலாற்றுக் காட்சிச்சாலையாக விளங்குகின்றது. 1964-இல் அவருடைய எலும்புகளை எடுத்துவந்து அவ்வீட்டிலேயே வைத்தனர்.