நைன் சிங் ராவத்

நைன் சிங் ராவத் (பிறப்பு: அக்டோபர் 21, 1830) பத்தொன்பதாம் நூற்றாண்டில் திபெத்தை நடந்தே அளந்த இந்திய நில அளவையாளர் ஆவார். பள்ளி ஆசிரியராக இருந்தமையால் பண்டிதர் என அழைக்கப்பட்டார்.

வாழ்க்கை

இன்றைய உத்தராகண்டம் மாநிலத்தில் உள்ள மிலாம் என்னும் மலையூரில் பிறந்தார். 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே தொடங்கிய பெரும் முக்கோணவியல் அளவை இமயமலையை எட்டியபோது, திபெத்துக்குள் ஐரோப்பியர் நுழையத் தடை இருந்தது. எனவே 1863இல் இவருக்கும் உறவினர் மணி சிங்குக்கும் தேராதூனில் இரகசியமாகப் பயிற்சி அளிக்கப்பட்டது.

அளவை முறை

ஒவ்வோர் அடியையும் ஒரே நீளத்தில் வைக்க இவர் பழகினார். 108 மணிகளுக்குப் பதிலாக 100 மணிகள் கோத்த செபமாலையில் நூறு அடிக்கு ஒரு மணி தள்ளினார். ஒரு சுற்று முடிந்தால் 10,000 அடி, அதாவது ஏறத்தாழ 8 கி.மீ. ஆகும். குறிப்புகளைப் பௌத்தர்களின் வழிபாட்டுச் சக்கரத்துள் மறைத்தார். உயரம் கூடக்கூட நீரின் கொதிநிலை குறையும் என்பதைக் கொண்டு இடங்களின் உயரம் கணிக்கப்பட்டது.

பயணங்கள்

1865இல் நேபாளம் வழியாகப் புறப்பட்டு, 1866 சனவரியில் இலாசாவை அடைந்தார். அங்கு அடையாளம் தெரிந்தால் உயிர் தப்புவது அரிது. ஏறத்தாழ 25 இலட்சம் அடிகள், 1,900 கி.மீ. நடந்து திரும்பினார். இலாசாவின் அமைவிடமும் உயரமும் இதனால் கணிக்கப்பட்டன. 1867இல் தோக் சாலுங் தங்கச் சுரங்கப் பகுதிக்குச் சென்றார். 1874-75இல் லே நகரிலிருந்து சாங்தாங் குளிர்ப்பாலையைக் கடந்து, இலாசா வழியாக அசாமை அடைந்தார்.

சிறப்புகள்

இலண்டன் அரச புவியியல் கழகம் 1877இல் இவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. இந்திய அரசு 2004இல் அஞ்சல் தலை வெளியிட்டது.