கடலோடிகளுக்கு விளக்கேற்றியவர்
அறிஞர் அகுஸ்தீன் பிரெனெல் (1788 – 1827)

திருநள்ளாற்றில் நின்று பார்த்தால் கடல் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. வயலும் வாய்க்காலும் தென்னந்தோப்புமே தெரிகின்றன. ஆயினும் கடல் நமக்கு அந்நியமன்று. காரைக்கால் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த நாட்களில் இப்பகுதியினர் பலர் பிழைப்பு நாடிச் சைகோனுக்குக் கப்பலேறினர். அவர்கள் நலமாய்க் கரைசேர வேண்டுமென்று வீட்டில் இருந்தோர் மெழுகுவர்த்தி ஏற்றி வேளாங்கண்ணி மாதாவை மன்றாடினர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை காரைக்கால் கரையோரச் சிற்றூர்களில் செய்த கொடுமையை நாம் எளிதில் மறக்க இயலாது.

ஜூபிலி மலர்களில் குருக்கள், கன்னியர், உபகாரிகள் ஆகியோரின் வரலாறுகள் இடம்பெறுவது வழக்கம். நாமோ இங்கே ஒரு பொதுநிலை விசுவாசியின் வரலாற்றைச் சொல்ல விழைகிறோம். அவர் புனிதர் பட்டம் பெற்றவரல்லர். ஆனால் தமக்கு இறைவன் அளித்த அறிவை, தாம் ஒருநாளும் முகம் கண்டிராத மாலுமிகளின் உயிரைக் காக்கச் செலவிட்டவர். அவரே அகுஸ்தீன் பிரெனெல்.

பிறப்பும் வளர்ப்பும்

பிரான்சு நாட்டில் நார்மண்டி மாநிலத்திலுள்ள புரொய் என்னும் ஊரில் 1788 மே 10 அன்று அவர் பிறந்தார். தந்தை கட்டடக் கலைஞர். தாய் பக்தியிற் சிறந்தவர். பிரெஞ்சுப் புரட்சி வெடித்தபின் குடும்பம் கான் நகரை அடுத்த மாத்தியூ என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. பாப்பரசர் 11-ஆம் கிளமெந்து 1713-இல் கண்டித்த ஜான்சனியப் போக்கின் கடுமை அவ்வீட்டின் பக்தியில் கலந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் கடமையில் கண்டிப்பும், வீண்புகழில் வெறுப்பும், நாள் தவறாச் செபமும் அவ்வீட்டில் அவர் கற்ற பாடங்களே. சாகும்வரை அவை அவரை விட்டு அகலவில்லை.

சிறுவன் அகுஸ்தீன் படிப்பில் மந்தமானவன். எட்டு வயதிலும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறினான். உடலும் நோஞ்சான். ஆனால் விளையாட்டு வில்லுக்கு எந்த மரம் ஏற்றது, விளையாட்டுத் துப்பாக்கிக் குழலின் நீளம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதையெல்லாம் தானே ஆராய்ந்து, ஆபத்தான விளையாட்டுப் பொருள்களைச் செய்துவிட்டான். பெற்றோர் கூடி அவற்றைத் தடைசெய்ய வேண்டியதாயிற்று! பிள்ளைகள் படிப்பில் பின்தங்கினால் உடனே மனம் சோர்ந்துவிடும் பெற்றோர் இதனைக் கவனிப்பார்களாக.

பதினாறாம் வயதில் பாரீசின் புகழ்பெற்ற பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் சாலை, பாலத் துறையில் அரசுப் பொறியாளரானார். 1815-இல் நெப்போலியன் எல்பாத் தீவிலிருந்து திரும்பி வந்தபோது, பிரெனெல் மன்னர் பக்கம் சேர்ந்தார். விளைவு, வேலை நீக்கமும் போலீசாரின் கண்காணிப்பும். தாயின் வீட்டுக்குத் திரும்பினார்.

இந்தக் கட்டாய ஓய்வைத்தான் இறைவன் பயன்படுத்திக்கொண்டார் என்று நாம் சொல்லலாம். விலையுயர்ந்த கருவிகள் அங்கே இல்லை. உலோகத் தகட்டில் சிறு துளையிட்டு அதில் ஒரு துளித் தேனை வைத்து, அதையே கண்ணாடி வில்லையாகக் கொண்டார். ஊர்க் கொல்லரைக் கொண்டு அளவுக் கருவி செய்தார். அவற்றைக் கொண்டு ஒளி, அலையாய்ச் செல்வது என்பதை ஆராய்ந்தார். அக்காலப் பேரறிஞர் பலர் ஒளியைத் துகள் என்றே நம்பியிருந்தனர். 1819-இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் அவருடைய ஆய்வுக்கே பரிசளித்தது.

கடலின் அழைப்பு

அந்நாட்களில் கடற்பயணம் என்பது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செல்வதாகவே இருந்தது. 1816 ஜூலையில் மெதூசா என்னும் பிரெஞ்சுக் கப்பல் மேற்கு ஆப்பிரிக்கக் கரையருகே மணல்திட்டில் ஏறிச் சிக்கியது. ஏறத்தாழ 150 பேர் ஒரு கட்டுமரத் தெப்பத்தில் விடப்பட்டனர். அவர்களில் உயிருடன் மீட்கப்பட்டவர் 15 பேரே.

கரையில் விளக்குகள் இல்லாமலில்லை. ஆனால் அவை மங்கலானவை. விறகும் நிலக்கரியும் எரித்த இடத்தில் எண்ணெய் விளக்கும் உலோகக் கண்ணாடியும் வந்தன. அக்கண்ணாடிகளோ தம்மீது விழும் ஒளியில் பெரும்பங்கைத் தாமே விழுங்கிவிட்டன. ஒளி குன்றியது என்று மாலுமிகள் முறையிட்டனர். மேலும், ஒரு விளக்கை இன்னொரு விளக்கென்று எண்ணி ஏமாறும் அபாயமும் இருந்தது. தவறாக அடையாளம் கண்ட விளக்கு, விளக்கே இல்லாததைவிடக் கொடியது. அதை நம்பித்தானே மாலுமி பாறையை நோக்கிச் சுக்கானைத் திருப்புகிறான்!

1819-இல், பிரெனெலின் நண்பரும் விஞ்ஞானியுமான அராகோ, அரசின் கலங்கரை விளக்கக் குழுவுக்கு அவரை அழைத்தார்.

கண்ணாடிப் படிகள்

ஒளியைத் திருப்பியனுப்பும் கண்ணாடிக்குப் பதிலாக, ஒளியை உள்ளே விட்டு ஒருமுகப்படுத்தும் வில்லையைப் பயன்படுத்தலாம் என்று பிரெனெல் கண்டார். ஆனால் அவ்வளவு பெரிய வில்லை மிகத் தடித்ததாகவும் தாங்க முடியாத பாரமுள்ளதாகவும் இருக்கும். தடித்த கண்ணாடி ஒளியையும் குறைக்கும். ஒளியை வளைப்பது கண்ணாடியின் மேற்பரப்பேயன்றி அதன் பருமன் அன்று என்பதை உணர்ந்த அவர், தேவையற்ற பருமனை நீக்கினார். நடுவில் ஒரு வில்லை, அதைச் சுற்றி வளையம் வளையமாகக் கண்ணாடிகள், நம் ஊர்க் குளத்துப் படிக்கட்டுகள் போல ஒன்றையடுத்து ஒன்று.

இதைப் போன்றதொரு கருத்தைப் பிய்ஃபோன் என்னும் அறிஞர் முன்னமே சொல்லியிருந்தார் என்று ஒருவர் எடுத்துக்காட்டியபோது, பிரெனெல் வாதாடவில்லை. திறந்திருந்த கதவைத் தாம் உடைக்க முயன்றதாகச் சொல்லிப் பணிவோடு ஒப்புக்கொண்டார். பின் தம் வேலையைத் தொடர்ந்தார். பெரிய வளையங்களை ஒரே துண்டாக வார்க்க அக்காலத்தில் வசதியில்லை. எனவே சோலேய் என்னும் கண்ணாடித் தொழிலாளியுடன் உழைத்து, சிறு சிறு துண்டுகளாகச் செய்து இணைத்தார்.

பொர்தோ நகருக்கு அருகே, ஜிரோந்து ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் கோர்துவான் என்னும் கலங்கரை விளக்கம் உள்ளது. 1611-இல் கட்டி முடிக்கப்பட்ட அக்கோபுரத்தின் உள்ளே மாதாவுக்கு ஒரு சிற்றாலயமும் உண்டு. 2021-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அங்கேதான் 1823 ஜூலை 25 அன்று பிரெனெலின் புதிய விளக்கு முதன்முதலாக ஏற்றப்பட்டது. நான்கு திரிகள் கொண்ட ஒரே எண்ணெய் விளக்கைச் சுற்றி எட்டு வில்லைகள் சுழன்றன. 20 மைலுக்கு அப்பாலும் அதன் ஒளி தெரிந்தது. கீழே செபம், மேலே ஒளி. இதைவிடப் பொருத்தமான இடம் வேறென்ன வேண்டும்?

ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் அடையாளம்

பிரெனெல் இத்துடன் நிற்கவில்லை. பிரான்சின் கடற்கரை முழுவதற்கும் திட்டமொன்று 1825-இல் ஏற்கப்பட்டது. அதை வகுத்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. சில விளக்குகள் அசையாது எரியும். சில நிமிடத்துக்கு ஒருமுறை மின்னும். சில அரை நிமிடத்துக்கு ஒருமுறை மின்னும். அடுத்தடுத்த விளக்குகள் ஒன்றுபோல் இரா. மாலுமி மின்னலின் இடைவெளியை எண்ணியே தான் எந்தக் கரையருகில் இருக்கிறான் என்று அறிந்துகொள்வான்.

இன்றும் உலகெங்கும் இம்முறையின் வழிவந்த அடையாளங்களே நிலவுகின்றன. ஆகவேதான் ஒரு விளக்கின் மின்னல் மாற்றப்பட்டால், அது அணைந்துபோனால், புதிதாக ஒரு மணல்திட்டோ மூழ்கிய கப்பலோ கண்டறியப்பட்டால், உடனே மாலுமிகளுக்கு அறிவிப்புத் தரப்படுகிறது. நம் நாட்டில் டேராடூனிலுள்ள கடற்படையின் நீர்ப்பரப்பு வரைபட அலுவலகம் இவ்வறிவிப்புகளை வெளியிடுகிறது. செயற்கைக்கோள் வழிகாட்டும் இக்காலத்திலும் இப்பணி நின்றுவிடவில்லை.

இறுதி நாட்கள்

இவ்வளவும் செய்தவர் ஒரு காசநோயாளி. 1824-இல் நோய் முற்றி இரத்தம் கக்கினார். இனி எல்லாப் பணிகளையும் தாங்க உடலில் வலுவில்லை. ஒருபுறம் ஒளியைப் பற்றிய ஆராய்ச்சி. அதில் உலகப் புகழ் காத்திருந்தது. மறுபுறம் எண்ணெய், திரி, கண்ணாடி, கணக்கு என்னும் கலங்கரை விளக்க வேலை. தமக்கு மிக விருப்பமான ஆராய்ச்சியைக் குறைத்துக்கொண்டு, எஞ்சிய வலுவையெல்லாம் விளக்குகளுக்கே கொடுத்தார். அவர் வாழ்க்கையில் நம் உள்ளத்தை மிகவும் தொடுவது இதுவே.

1823-இல் அறிவியல் கழகம் ஒருமனதாக அவரை உறுப்பினராக்கியது. இலண்டன் ராயல் சொசைட்டி வழங்கிய ரம்ஃபோர்டு பதக்கம், அவர் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்னரே கையில் வந்து சேர்ந்தது. 1827 ஜூலை 14 அன்று, பாரீசை அடுத்த வில் தவ்ரே என்னும் ஊரில், தம் தாய் அருகிருக்க, விசுவாசத்தோடு உயிர் நீத்தார். வயது 39. விட்ட பணியைப் பின்னர் தம்பி லெயோனோர் தொடர்ந்தார். பிரான்சில் வாழும் நம் உறவினர் பாரீசின் ஈபெல் கோபுரத்தில் பொறிக்கப்பட்டுள்ள 72 பெயர்களுள் அவர் பெயரையும் காணலாம். அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகளுக்குப்பின், 1836-இல், புதுச்சேரிக் கடற்கரையிலும் ஒரு கலங்கரை விளக்கம் எரியத் தொடங்கியது.

நமக்குரிய பாடம்

அன்பார்ந்த பங்கு மக்களே! பெற்றோரும் ஆசிரியரும் உபதேசியாரும் குருக்களாகிய நாமும் பிறர் கண்டு வழிநடக்கும் விளக்குகளே. நம் ஒளி மங்கினால் யாரோ இருளில் தடுமாறுவர். அறிவிப்பின்றி நம் நடத்தை மாறினால், நம்மை நம்பி வந்தவர் பாறையில் மோதுவர். விளக்குக்குத் தன்னைக் கண்டு கரைசேர்ந்தவர் இன்னார் என்று தெரிவதில்லை. நன்றி சொல்ல அவர்கள் திரும்பி வருவதுமில்லை. ஆயினும் அது இரவெல்லாம் எரிகிறது.

நற்கருணைப் பேழையின் முன் அணையாது எரியும் நம் ஆலய விளக்கைப் பார்க்கும்போதெல்லாம் இதனை நினைவுகூர்வோம். இன்றிரவு கடலில் இருக்கும் எல்லாருக்காகவும் ஓர் அருள் நிறைந்த மந்திரம் சொல்வோம். கடலின் விண்மீனாகிய மரியன்னை நம் பங்கையும் நம் குடும்பங்களையும் கரைசேர்ப்பாராக!

— பங்குத் தந்தை