வில்ஹெல்ம் எப்ஸ்டைன்

வில்ஹெல்ம் எப்ஸ்டைன் (நவம்பர் 27, 1836 – அக்டோபர் 22, 1912) ஒரு ஜெர்மானிய மருத்துவர் ஆவார். இதயத்தின் மூவிதழ் வால்வில் பிறவியிலேயே அமையும் ஓர் அரிய குறைபாட்டை 1866 இல் முதன்முதலாக விவரித்தார். அது இவர் பெயராலேயே எப்ஸ்டைன் குறைபாடு என அழைக்கப்படுகிறது.

வாழ்க்கைக் குறிப்பு

சிலேசியாவிலுள்ள யாவர் நகரில் (இன்று போலந்தில் உள்ளது) பிறந்தார். பிரெஸ்லாவிலும் பெர்லினிலும் மருத்துவம் பயின்று, 1859 இல் பெர்லினில் பட்டம் பெற்றார். பின்னர் பிரெஸ்லாவ் நகர மருத்துவமனையொன்றில் பணியாற்றினார். 1874 இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

இதயக் குறைபாட்டைக் கண்டறிதல்

சிறுவயது முதலே மூச்சுத்திணறலாலும் நெஞ்சுப் படபடப்பாலும் துன்புற்ற 19 வயதுத் தொழிலாளி ஒருவர் 1864 இல் அம்மருத்துவமனையில் இறந்தார். அவரது உடலை எப்ஸ்டைன் அறுத்து ஆராய்ந்தார்.

மூவிதழ் வால்வு, வலது கீழறையிலிருந்து குருதி மேலறைக்குத் திரும்பாமல் தடுப்பதாகும். இறந்தவரின் இதயத்தில் அதன் ஓர் இதழ் பெரிதாகவும் துளைகளுடனும் இருந்தது; மற்ற இரண்டும் வளர்ச்சி குன்றிக் கீழறைச் சுவரோடு ஒட்டியிருந்தன. மேலறைகளுக்கு இடையிலான துளையும் மூடாதிருந்தது. வால்வு சரிவர மூடாததால் குருதி பின்னோக்கிப் பாய்ந்ததையும், அதனாலேயே நோய்க்குறிகள் தோன்றியதையும் எப்ஸ்டைன் விளக்கினார். எனினும் அக்காலத்தில் இதற்கு மருத்துவம் ஏதும் இருக்கவில்லை.

பிற ஆய்வுகள்

உடற்பருமன், நீரிழிவு, கீல்வாதம் ஆகியவற்றை ஆராய்ந்தார். பருமனுக்கு மாவையும் சர்க்கரையையும் குறைத்து, கொழுப்பை அனுமதிக்கும் உணவுமுறையைப் பரிந்துரைத்தார். ஹாட்ஜ்கின் நோயில் விட்டுவிட்டு வரும் பெல்–எப்ஸ்டைன் காய்ச்சலும் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.

பிற்கால வளர்ச்சி

நெடுங்காலம் இக்குறைபாடு நோயாளி இறந்த பின்னரே அறியப்பட்டது. இதயத்துள் குழாய் செலுத்தி ஆராயும் முறை பரவிய பின், 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் உயிருடன் உள்ளோரிடம் உறுதியாகக் கண்டறிய முடிந்தது. இன்று மீயொலி இதய வரைவே முதன்மைச் சோதனையாகும். நடுச்சுவரை ஒட்டிய இதழ், உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 8 மில்லிமீட்டர் அல்லது கூடுதலாகக் கீழிறங்கியிருப்பது இதன் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது.

குறைபாடு சிறிதெனில் கண்காணிப்பே போதும். கடுமையெனில் அறுவை மருத்துவம் தேவைப்படும். 1962 இல் தென்னாப்பிரிக்க மருத்துவர் கிறிஸ்டியான் பர்னார்ட் இத்தகைய வால்வை அகற்றிச் செயற்கை வால்வு பொருத்தினார். 1993 இல் பிரேசில் மருத்துவர் ஜோசே பெத்ரோ த சில்வா, நோயாளியின் சொந்த இதழ்களையே கூம்பு வடிவில் அமைத்துத் தைக்கும் முறையைத் தொடங்கினார். எப்ஸ்டைன் இறந்தவரின் உடலில் கண்ட குறைபாட்டைக் குழந்தைகளிடமும் சீரமைக்க இம்முறை உதவுகிறது.