காற்றைப் பதப்படுத்திய கேரியர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், ஈரி என்னும் பேரேரிக்கு அணித்தே ஆங்கோலா என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரை அடுத்த பண்ணை வீடொன்றில் 1876-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் வில்லிஸ் ஹேவிலண்டு கேரியர் பிறந்தார். பெற்றோருக்கு அவர் ஒரே மகவு. அன்னையார் எலிசபெத்து கைத்திறம் மிக்கவர். பழுதுபட்ட கடிகாரங்களையும் தையற்பொறியையும் அவரே பிரித்துச் செப்பனிடுவார். சிறுவர் கேரியருக்குப் பின்னக் கணக்கு விளங்கவில்லை. அதுகண்ட அன்னையார் நிலவறையிலிருந்து ஒரு தட்டு நிறைய ஆப்பிள் பழங்களைக் கொணர்ந்து, அவற்றை அரையாகவும் காலாகவும் அரைக்காலாகவும் அரியச் சொல்லி, கூட்டலையும் கழித்தலையும் கண்கூடாகக் கற்பித்தார். பெரிய சிக்கலைச் சிறு துண்டுகளாக்கிப் பார்க்கும் பழக்கம் அன்று தமக்கு வாய்த்தது என்று கேரியர் முதுமையிலும் நினைவு கூர்வதுண்டு. அவ்வன்னையார் மகனுக்குப் பதினொரு வயது நிறையும் காலத்தில் காலமானார்.

பண்ணை வருவாய் பெரிதன்று. 1893-இல் அமெரிக்காவைப் பற்றிய பொருளாதார நலிவு அக்குடும்பத்தையும் வருத்தியது. மேற்படிப்பை ஒத்தி வைத்துவிட்டுக் கேரியர் சில காலம் பள்ளியாசிரியராகப் பணியாற்றினார். பின்னர் உதவித்தொகை பெற்றுக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். உணவுக்கும் உறையுளுக்கும் வேண்டிய பணத்தைப் புல்வெளி செதுக்கியும், கணப்படுப்புகளைக் கவனித்தும், மாணவர்க்கு ஆடை வெளுத்துத் தரும் முகவாண்மை நடத்தியும் ஈட்டினார். 1901-இல் பொறியியற் பட்டம் பெற்றவுடன், பஃபலோ நகரில் இருந்த பஃபலோ ஃபோர்ஜ் என்னும் நிறுவனத்தில் அமர்ந்தார். வாரத்திற்குப் பத்து டாலர் ஊதியம். உலைகளும் விசிறிகளும் வெப்பமூட்டும் குழாய்ச்சுருள்களும் செய்து விற்பது அந்நிறுவனத்தின் தொழில். எத்தனை சுருள் அமைத்தால் எவ்வளவு காற்றுச் சூடேறும் என்பதை அந்நாளில் பலரும் குத்துமதிப்பாகவே கணித்து வந்தனர். கேரியர் அதனை அளந்து பார்த்து அட்டவணைகள் வகுத்தார்.

அடுத்த ஆண்டே அவர் வாழ்வின் திருப்பம் வந்தது. புரூக்ளின் நகரில் சாக்கெட்டு வில்லெம்சு என்னும் வண்ணக் கல்லச்சு நிலையம் இருந்தது. வண்ணப்படம் அச்சிடும்போது ஒரே தாள் பலமுறை பொறிக்குள் செல்ல வேண்டும். மஞ்சள் ஒரு முறை, சிவப்பு ஒரு முறை, நீலம் ஒரு முறை என ஒவ்வொரு நிறமும் முன்னைய நிறத்தின்மேல் மயிரிழையும் பிசகாமல் படிய வேண்டும். தாளோ காற்றின் ஈரத்தை உண்டு விரியும். காற்று உலர்ந்தால் சுருங்கும். கோடைக்காலத்தில் காலையில் மஞ்சள் பதித்த தாள் மாலைக்குள் சிறிது நீண்டுவிடும். அதன்மேல் பதியும் சிவப்பு விலகி நிற்கும். கண் இருக்க வேண்டிய இடத்தில் இமை வந்து விழும்! அச்சிட்ட தாள்கள் குப்பைக்குப் போயின. குறித்த நாளில் வேலை முடியவில்லை. இச்சிக்கலைத் தீர்க்கும் பொறுப்பு இருபத்தைந்து வயதுக் கேரியரிடம் வந்தது.

வெப்பத்தைக் குறைப்பது மட்டும் பயன்படாது என்பதைக் கேரியர் உணர்ந்தார். காற்றிலுள்ள ஈரத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் புறத்தே நீர்த்துளிகள் அரும்புவதை யாவரும் கண்டிருப்பர். செம்பு கசிவதனால் வந்த நீரன்று அது; சுற்றியுள்ள காற்று குளிர்ச்சி பட்டதும் தாங்க மாட்டாது உதிர்த்த ஈரமேயாகும். அச்செம்பின் தொழிலையே கேரியர் பெரிய அளவில் செய்வித்தார். குளிர்ந்த நீர் ஓடும் குழாய்ச்சுருள்களின்மேல் காற்றை விசிறியால் செலுத்தினார். சுருளின் குளிர்ச்சியையும் காற்றின் விரைவையும் கணக்கிட்டு, அச்சுக்கூடத்தில் ஈரப்பதம் எஞ்ஞான்றும் நூற்றுக்கு 55 என்னும் அளவில் நிற்குமாறு வகுத்தார். அவ்வமைப்பின் வரைபடங்கள் 1902-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாளைத் தாங்கியுள்ளன. நாள்தோறும் 1,08,000 பவுண்டு பனிக்கட்டி உருகினால் எவ்வளவு குளிர்ச்சி உண்டாகுமோ அவ்வளவு குளிர்ச்சி அங்கே தேவைப்பட்டது. இன்று ஏ.சி. என்று எல்லாரும் வழங்கும் காற்றுப்பதனம், மக்கள் வியர்வையை ஆற்றுவதற்காக அன்றித் தாளின் நலத்துக்காகவே தோன்றியது என்பது வியப்பன்றோ?

ஆயினும் கேரியருக்கு மனநிறைவு உண்டாகவில்லை. அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் ஓர் இரவு, பிட்சுபர்க்கு நகரப் புகைவண்டி நிலையத்தில் அவர் வண்டிக்காகக் காத்திருந்தார். மேடையை மூடுபனி சூழ்ந்திருந்தது. அதனூடே முன்னும் பின்னும் உலவிய அவர் உள்ளத்தில் ஒரு கருத்து மின்னிற்று. மூடுபனியில் உள்ள காற்று ஈரத்தால் நிறைவுற்றது. ஆயினும் குளிர் மிகுதியால் அது தாங்கியுள்ள நீரின் அளவு சிறிதே. ஆதலின் காற்றைக் குளிர்ந்த நீர்த்தூறலினூடே செலுத்திச் செயற்கை மூடுபனியை உண்டாக்கினால், தூறலின் வெப்பநிலையை மாற்றுவதன் மூலமே காற்றில் எஞ்சும் ஈரத்தை வேண்டியவாறு அமைத்துவிடலாம். பின்னர் அக்காற்றைச் சிறிது சூடேற்றிக் கூடத்துக்குள் விட்டால் போதும். நீரைத் தெளித்தே காற்றை உலர்த்துவது! கேட்போர் நகைக்கத்தக்க முரண்பாடு போலத் தோன்றினும் அது முற்றிலும் உண்மை. தூறல், காற்றிலுள்ள தூசியையும் கழுவிவிட்டது. இப்பொறிக்கு 1906-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் காப்புரிமை கிடைத்தது. வெப்பம், ஈரம், பனிநிலை ஆகியவற்றுக்கு இடையே உள்ள தொடர்பைக் கேரியர் பல ஆண்டுகள் ஆய்ந்து, 1911-இல் அமெரிக்க எந்திரப் பொறியாளர் கழகத்தின் முன் கட்டுரையாகப் படித்தார். இத்துறையின் அடித்தளம் அக்கட்டுரையே.

எடுத்த செயல் எல்லாம் அவருக்கு எளிதில் கைகூடியதாகக் கருதலாகாது. இளமையில் ஒருமுறை மிசௌரி மாநிலத்துக் கிரிஸ்டல் நகரில் இருந்த பெரிய கண்ணாடித் தொழிற்சாலையில், எரிவாயுவைத் தூய்மையாக்கும் பொறி ஒன்றை நிறுவ நேர்ந்தது. பொறி இயங்கிற்று, ஆனால் உறுதி கூறிய அளவுக்கு இயங்கவில்லை. கவலையால் அவருக்கு உறக்கம் போயிற்று. இறுதியில், நேரக்கூடிய பெருங்கேடு யாது என்று தம்மையே வினவினார். தம் வேலை போகலாம். நிறுவனத்துக்கு 20,000 டாலர் இழப்பு வரலாம். உயிருக்கோ மானத்துக்கோ கேடில்லை. அவ்விழப்பை மனத்தளவில் ஏற்றுக்கொண்டபின் நெஞ்சு அமைதியுற்றது; அறிவு தெளிந்தது. மேலும் 5,000 டாலர் செலவிட்டுச் சில கருவிகளைச் சேர்த்தால் பொறி செம்மையுறும் எனக் கண்டார். அவ்வாறே செய்ய, இழப்பு நீங்கி ஊதியம் கிட்டியது.

1914-இல் ஐரோப்பாவில் பெரும்போர் மூண்டது. பஃபலோ ஃபோர்ஜ் நிறுவனத்தார் காற்றுப்பதனத் தொழிலைச் சுருக்கிக்கொள்ள முடிவு செய்தனர். கேரியரும் அவர்தம் நண்பர் இர்வின் லைலும் மற்றும் ஐந்து இளம் பொறியாளரும் நிலையான வேலையைத் துறந்து, தங்கள் சேமிப்பைத் திரட்டி 1915-இல் கேரியர் பொறியியல் நிறுவனத்தைத் தொடங்கினர்.

அந்நாளைய குளிர்பதனப் பொறிகள் உருவில் பெரியவை, ஓசையிலும் பெரியவை. உந்துதண்டு எனப்படும் பிஸ்டன் முன்னும் பின்னும் இடித்து இயங்கும். ஒவ்வோர் இடிப்பிலும் பொறியும் தரையும் அதிரும். பல பொறிகளில் அமோனியா என்னும் நச்சு வாயு நிரம்பியிருக்கும். நெசவாலையிலும் அச்சுக்கூடத்திலும் இவ்வோசை பொருட்டன்று. ஆங்கே தறிகளின் ஓசையே செவியைத் துளைக்கும். மக்கள் அமைதியாக அமரும் இடங்களுக்கு இப்பொறி எவ்வாறு செல்லும்? கேரியர் பிஸ்டனையே அகற்றத் துணிந்தார். நீரிறைக்கும் பொறியில் சக்கரம் சுழன்று நீரை வெளியே வீசுவதுபோல, சுழலும் சக்கரத்தால் குளிர்பொருளின் ஆவியை அமுக்கும் பொறியை வகுத்தார். இடிப்பது நின்றது, சுழல்வது மட்டும் எஞ்சியது. அதிர்வும் குறைந்தது; பொறி அடைக்கும் இடமும் குறைந்தது. அமோனியாவுக்கு மாறாக டைலீன் என்னும் நீர்மத்தைக் கையாண்டார். 1922-ஆம் ஆண்டு மே மாதம் நெவார்க் நகரில் இப்பொறியைப் பொறியாளர்க்குக் காட்டினார்.

1925-இல் நியூயார்க் நகரத்து ரிவோலி திரையரங்கில் இதனை அமைக்கும் வாய்ப்பு வந்தது. நகரப் பாதுகாப்பு அதிகாரி டைலீனை ஐயுற்று இசைவு தர மறுத்தார். கேரியர் அந்நீர்மத்தை ஒரு கலத்தில் ஊற்றி, அதிகாரியின் கண்முன்னே தீக்குச்சியைக் கிழித்து அதனுள் இட்டார். அதிகாரி திடுக்கிட்டார், நீர்மமோ வெடிக்காமல் மெல்ல எரிந்து அடங்கிற்று. இசைவு கிடைத்தது. மே மாத இறுதியில் அரங்கம் திறந்தபோது, மக்கள் வழக்கம்போல் கைவிசிறிகளோடு வந்து அமர்ந்தனர். பொறியைத் தொடங்கச் சிறிது காலம் தாழ்ந்துவிட்டது. ஆயிரக்கணக்கான விசிறிகள் அசைவதைக் கேரியரும் தோழரும் நெஞ்சம் படபடக்கப் பார்த்து நின்றனர். மெல்ல மெல்லக் குளிர்ச்சி பரவியது. ஒவ்வொரு விசிறியாக மடியில் தாழ்ந்தது. பட முதலாளி அடால்ஃப் சூக்கரும் அன்று வந்திருந்தார். மக்கள் இதனை விரும்புவர் என்று அவர் ஒப்புக்கொண்டார். கோடையில் வெறிச்சோடிக் கிடந்த அரங்குகள் நாடெங்கும் நிரம்பத் தொடங்கின. 1928-இல் அமெரிக்கப் பேராயத்தின் மக்களவை மன்றமும் கேரியர் பொறியால் குளிர்ந்தது.

அரங்கினும் மன்றத்தினும் அரிதாக இருந்தது வீடு. 1914-இலேயே மினியாபொலிசு நகரில் சார்லசு கேட்சு என்னும் செல்வரின் மாளிகையில் காற்றுப்பதனப் பொறி நிறுவப்பட்டது. அதன் உயரம் 7 அடி, அகலம் 6 அடி, நீளம் 20 அடி. ஒரு வீட்டின் ஓர் அறையையே அது விழுங்கிவிடும். மாளிகை முற்றுப்பெறு முன்னே அச்செல்வர் இறந்தார். வீடுகளுக்கெனச் சிறிய பொறியைக் கேரியர் நிறுவனம் 1928-இல் வெளியிட்டது. மறு ஆண்டே பங்குச் சந்தை வீழ்ந்தது. மக்கள் கையில் பணமில்லை. பொறி விலையாகவில்லை.

பணத்தோடு ஓசையும் குறுக்கே நின்றது. திரையரங்கில் பொறி நிலவறையில் உறுமும். மக்கள் அதற்கு எட்டாத தொலைவில் அமர்ந்திருப்பர். சிறு வீட்டில் பொறிக்கும் படுக்கைக்கும் இடையே ஒரு சுவர்தான் இருக்கும். பகலில் ஒருவரும் பொருட்படுத்தாத முணுமுணுப்பு, நள்ளிரவில் உறக்கத்தைக் கெடுக்கும். அமெரிக்க வீடுகள் பலவற்றில், குளிர்காலத்தில் வெப்பக் காற்றை அறைதோறும் கொண்டுசெல்லத் தகட்டுக் குழாய்கள் முன்பே இருந்தன. அவற்றின் வழியே கோடையில் குளிர்காற்றை அனுப்பலாம் என்பது எளிய எண்ணமே. ஆனால் அடுப்புச் சூடு மிகுதியானது. சிறிதளவு காற்றே அதனைச் சுமந்து செல்லும். குளிர்காற்றுக்கும் அறைக்கும் உள்ள வேற்றுமையோ சிறிது. ஆதலால் மிகுதியான காற்றை அனுப்ப வேண்டும். ஒடுங்கிய குழாயில் மிகுந்த காற்று விரையும்போது அது சீறும். மெல்லிய தகடு முரசுபோல் அதிரும். ஓர் அறையின் பேச்சு குழாய் வழியே மற்றோர் அறையில் கேட்கும்.

இதற்குப் பொறியாளர் கண்ட மாற்று, ஓசையை அடைப்பதைக் காட்டிலும் அது பிறவாமல் தடுப்பதேயாகும். குழாயை அகலமாக்கினால் காற்றின் விரைவு தணியும். சிறு விசிறியை விரைந்து சுழற்றுவதினும் பெரிய விசிறியை மெல்லச் சுழற்றுவது நன்று. விரைவு ஏறும்போது விசிறியின் ஓசை பன்மடங்கு ஏறுவது இயல்பு. பொறியை ரப்பர்த் துண்டுகளின்மேல் நிறுத்தினால் அதிர்வு தரையில் இறங்காது. விசிறிக்கும் தகட்டுக் குழாய்க்கும் இடையே ஒரு சாண் அகலக் கித்தான் துணியை இணைத்தால், காற்றுச் செல்லும், நடுக்கம் செல்லாது. குழாயின் உட்புறத்தில் மெத்தென்ற பொருளை ஒட்டினால் அது ஓசையை உண்டுவிடும். வளைவுகளைக் கூர்மையாக வளைத்தலும், காற்று திரும்பிவரும் வாயிலைக் குறுக்கிவிடுதலும் இன்றும் வீடு கட்டுவோர் செய்யும் பிழைகள். காசை மிச்சம் பிடிக்க அன்று குறுகலாக அமைத்த குழாய், ஆண்டுதோறும் இரவில் வட்டி கேட்கும். எல்லாவற்றினும் பெரிய மாற்றம், இரைச்சல் மிக்க அமுக்கியை வீட்டுக்கு வெளியே தோட்டத்தில் நிறுத்தியதாகும்.

கேரியர் 1937-இல் தம் தொழிலைச் சிரக்கியூசு நகருக்கு மாற்றினார். 1939-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில், பனிவீட்டு வடிவில் ஓர் அரங்கம் அமைத்துக் காற்றுப்பதனத்தை மக்களுக்கு அறிமுகம் செய்தார். இரண்டாம் உலகப் போரின்போது, விண்ணின் உயரத்தில் நிலவும் கடுங்குளிரை மண்ணில் உண்டாக்கி வானூர்தி எந்திரங்களைச் சோதிக்கும் பெருங்காற்றுக்குகை ஒன்று கிளீவ்லண்டு நகரில் எழுந்தது. அதன் குளிரூட்டும் அமைப்பை வகுப்பதில் கேரியர் முதன்மையான பங்கு கொண்டார். தம் பணிகளுள் அதனையே அவர் பெரிதும் மதித்தார். உடல்நலம் குன்றவே 1948-இல் ஓய்வு பெற்றார். 1950-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள் தம் எழுபத்து மூன்றாம் வயதில் இயற்கை எய்தினார்.

அவர் மறைந்த பத்தாண்டிலேயே வீடு முழுவதையும் குளிர்விக்கும் பொறிகள் அமெரிக்காவில் பெருகின. இன்று அந்நாட்டில் பத்து வீடுகளுக்கு எட்டுக்கு மேற்பட்டவை காற்றுப்பதனம் பெற்றவை. டைலீனுக்குப் பின் வந்த ஃபிரியான் வாயுக்கள் ஓசோன் படலத்தைச் சிதைப்பது தெரிந்து, 1987-இல் மாண்ட்ரீல் நகரில் கூடிய நாடுகள் அவற்றைக் குறைக்க உடன்பட்டன. இரைச்சல் மட்டும் முற்றும் ஒழியவில்லை. தோட்டத்தில் நிறுத்திய பொறி வீட்டுக்காரரை விட்டுவிட்டு அடுத்த வீட்டாரின் சன்னலை நோக்கி இரையத் தொடங்கியது. ஆகவே அமெரிக்க நகராட்சிகள் பல, வேலியோரத்தில் பொறியின் ஓசை எவ்வளவுக்கு மேற்படலாகாது என்று விதி வகுத்துள்ளன.