லீவன்ஸ் சுவாமியாரும் முண்டாக்களின் நிலமும்

2019-இல் நம் காஞ்சிபுரத்தை அடுத்த கோனேரிக்குப்பத்தில், கடனுக்காக மரம் வெட்டிக் கிடந்த இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்தில் இத்தகைய துயரை ராஞ்சிச் சீமையிலே கண்டு மனம் பொறாதவர் சங். கான்ஸ்டன்ட் லீவன்ஸ் சுவாமியார்.

1856-இல் பெல்ஜிய நாட்டில் பிறந்த இந்தச் சேசு சபைக் குருவானவர் 1885-இல் சோட்டா நாகபுரி சென்றார். அங்கே முண்டா, ஒராவோன் மக்கள் காடு திருத்தி உண்டாக்கிய நிலத்தை ஜமீன்தார்கள் பறித்துக்கொண்டு, கூலியில்லா வேலையும் வாங்கினர். ஏழைகளுக்குக் கோர்ட்டு பாஷை விளங்கவில்லை. சுவாமியார் அவர்கள் மொழியையும் நிலச் சட்டத்தையும் கற்று, வழக்குகளுக்கு வழி சொன்னார். ஆயிரமாயிரம் பேர் திருச்சபையில் சேர்ந்தனர். பலர் முதலில் வழக்குக்காகவே வந்தார்கள், இதை நாம் மறைப்பானேன்? க்ஷயரோகத்தால் ஊர் திரும்பி, 1893-இல் தமது 37-ஆம் வயதில் லூவேனில் மரித்தார்.

1899 கிறிஸ்துமஸ் சமயத்தில், கிளர்ந்தெழுந்த பிர்சா முண்டாவின் ஆட்கள் சர்வதா மிஷன் மீதும் அம்பெய்தனர். அங்கிருந்த ஹாஃப்மன் சுவாமியாரே, ஆதிவாசி நிலம் பிறர் கைக்குப் போகாமல் தடுக்கும் 1908-ஆம் ஆண்டுச் சட்டம் உருவாகத் துணை நின்றார். அச்சட்டம் இன்றும் ஜார்க்கண்டில் நடைமுறையில் இருக்கிறது. லீவன்ஸ் சுவாமியாரின் அஸ்தி 1993-இல் ராஞ்சிக்கு வந்து சேர்ந்தது.